கந்தன் மலையடியில் கந்தல் மூட்டை

ஆடிக் கிருத்திகைக் கூட்டம் கலைந்து, தெப்பமும் முடிந்த மறுநாள் காலையில் திருத்தணி வேறு ஊராக இருக்கும். மலைக்கு ஏறும் 365 படிகளிலும் காவடியிலிருந்து உதிர்ந்த பூ வாடிக் கிடக்கும். கீழே சரவணப் பொய்கைப் பக்கம் போனால் பூவோடு துணியும் கண்ணில் படும். முடி இறக்கிக் குளித்தவர்கள் விட்டுப்போன ஈர வேட்டி, மஞ்சள் சேலை, பனியன், சிறுபிள்ளைச் சட்டை. ஈரத்தோடு ஊருக்குச் சுமந்துபோக மனமில்லாமல் விட்டவை சில. பழைய துணியோடு பழைய பாவமும் போகட்டும் என்று விட்டவை சில.

அப்படியொரு காலையில்தான் அந்த அம்மாவைப் பார்த்தோம். அறுபது வயதிருக்கும். நம் காலனிக்காரர். மருமகளோடு உட்கார்ந்து துணிகளைப் பிழிந்து, உதறி, இரண்டு குவியலாகப் போட்டுக்கொண்டிருந்தார். ஒன்று பருத்தி, இன்னொன்று பாலியஸ்டர். எதையும் அவர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கவில்லை. விரலால் ஒரு தடவு தடவினார், தூக்கிப் போட்டார், அவ்வளவுதான். காய்ந்த பிறகு பருத்திக் குவியல் எண்ணெய் துடைக்க மெக்கானிக் ஷெட்டுக்குப் போகும். விலையை ஷெட்டுக்காரர்தான் சொல்வார். பாலியஸ்டர் குவியலுக்கு விலையே கிடையாது.

"கைக்கு உறை எதுவும் போட்டுக்கக் கூடாதாம்மா?" என்று கேட்டோம். சிரித்தார்.

"சாமிக்குச் சாத்துற துணின்னா ஐயரு மட்டும்தான் தம்பி தொடணும். சாமி கும்பிட வந்தவங்க அவுத்துப் போட்டதுன்னா நாங்க மட்டும்தான் தொடணும். இதுக்கு எதுக்கு உறை?"

ஒரே மலை, ஒரே துணி, இரண்டு சட்டம். நாம் இன்று பேசப்போவது அந்த இரண்டாவது துணியைப் பற்றி. உலகம் முழுவதும் அதற்கு ஒரு புது மதிப்பு வந்துகொண்டிருக்கிறது. கந்தலைப் பஞ்சாக்கி, பஞ்சைப் பாய்போல விரித்து, அதை அழுத்திப் பலகையாக்குகிறார்கள். அந்தப் பலகை காருக்குள் போகிறது, கட்டடத்துக்குள் போகிறது. இதுவரை நம் தலையில் கட்டப்பட்ட கந்தல் தொழில்நுட்பமாக மாறும்போது, அதைத் தொட்ட கைகளுக்கு என்ன கிடைக்கப்போகிறது என்பதே நம் கேள்வி.

துணியில் எழுதிய சாதி

கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்பது பழமொழி. கசக்கித் தருபவர் யார் என்று பழமொழி சொல்லவில்லை.

சாதி தன்னை எழுதிவைத்த இடங்களில் துணி முக்கியமானது. மனு சாத்திரத்தின் பத்தாம் அத்தியாயம், சண்டாளர் என்று தான் ஒதுக்கியவர்களுக்குச் செத்தவர் மேலிருந்து எடுத்த துணியையே உடையாக விதித்தது. அது ஏட்டோடு நிற்கவில்லை. 1930 டிசம்பரில் இராமநாதபுரம் பகுதியில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர் மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். ஆண்கள் இடுப்புக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் துணி உடுத்தக் கூடாது, சட்டை, பனியன் போடக் கூடாது, பெண்கள் மேலுடம்பை மறைக்கக் கூடாது என்பவை அவற்றில் சில. நல்ல துணி நம் உடம்பில் ஏறக் கூடாது. ஊரார் கழித்த துணி மட்டும் நம் கையில் இருக்க வேண்டும்.

நம் வடமாவட்டங்களில் புதிரை வண்ணார் சமூகத்தின் கதை இதன் அடித்தட்டு. துரும்பர் என்றும் அழைக்கப்படும் அவர்கள், தலித் மக்களின் துணியை வெளுத்தவர்கள். தீட்டுத் துணியும் சாவு வீட்டுத் துணியும் அவர்கள் கைக்கே வந்தன. கூலியாகக் கிடைத்தது பெரும்பாலும் ராச்சோறு. எழுத்தாளர் இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' நாவல் 1994இல் வந்தபோதுதான் தமிழ் வாசகர் பலர் அந்த வாழ்க்கையை முதன்முதலாகப் பார்த்தார்கள். அவர்களுக்கென்று தமிழக அரசு நலவாரியம் அமைத்தது 2009இல். இதில் நாமும் நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டியது உண்டு. நம் துணியை வெளுத்தவரை நாம் எங்கே உட்கார வைத்தோம்?

1927 டிசம்பரில் மகாத் மாநாட்டுக்கு வந்த பெண்களிடம் அண்ணல் அம்பேத்கர் உடையைப் பற்றித் தனியாகப் பேசினார். தீண்டப்படாதார் என்று அடையாளம் காட்டும்படி சேலை கட்டும் பழக்கத்தை விட்டுவிடச் சொன்னார். அந்தப் பெண்கள் அங்கேயே கட்டை மாற்றிக் கட்டிக்கொண்டதாக வரலாறு. எதை உடுத்துவது என்ற கேள்வியை அன்றே எழுப்பினோம். உடுத்திக் கழித்ததை யார் எடுப்பது என்ற கேள்வி மட்டும் பாக்கி நிற்கிறது.

எவ்வளவு துணி, எங்கே போகிறது?

நம் பக்கம் துணிக்குப் பஞ்சமில்லாத பக்கம். பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் விசைத்தறிகளின் சத்தம் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். எல்லைக்கு அப்பால் நகரியிலும் தறிதான். தறியில் கழியும் நூல், தையற்கடையில் கழியும் வெட்டுத்துண்டு, வீட்டில் கழியும் பழந்துணி என்று மூன்று வழியில் கழிவு வருகிறது. கொஞ்சம் மெக்கானிக் ஷெட்டுக்கும் மெத்தைக் கடைக்கும் போகிறது. மற்றது குப்பைமேட்டில் எரிகிறது. பாலியஸ்டர் எரிந்தால் வரும் கரும்புகை எந்தப் பக்கம் வீசும் என்று நாம் சொல்லத் தேவையில்லை. குப்பைமேடு எப்போதும் காலனிக்குப் பக்கத்தில்தான் இருக்கும்.

இந்தியாவில் ஆண்டுக்குச் சேரும் துணிக் கழிவு ஏறக்குறைய 78 லட்சம் டன் என்று 'ஃபேஷன் ஃபார் குட்' என்ற அமைப்பு 2022இல் வெளியிட்ட ஆய்வு கணக்கிட்டது. அதில் பாதி, மக்கள் உடுத்திக் கழித்தது. ஏறக்குறைய 42 விழுக்காடு ஆலைகளிலும் தையற்கூடங்களிலும் கழிந்தது. மிச்சம் வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கியது. மொத்தத்தில் 59 விழுக்காடு ஏதோ ஒரு வடிவில் மறுபடி துணித் தொழிலுக்குள் போகிறது என்கிறது அந்த ஆய்வு. அந்த 59 விழுக்காட்டின் பின்னால் இருப்பவர்கள் துணி பொறுக்குபவர்கள், பாத்திரம் கொடுத்துப் பழந்துணி வாங்குபவர்கள், கிடங்கில் தரம் பிரிக்கும் பெண்கள். யாரும் திட்டம் போட்டு அவர்களை அமர்த்தவில்லை. பசி அமர்த்தியது.

பாவும் இல்லை, ஊடையும் இல்லை

பழந்துணியிலிருந்து மறுபடி நூல் நூற்க முடியாதா? முடியும். திருப்பூரிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் பனியன் வெட்டுத்துண்டைப் பஞ்சாக்கி நூற்கும் 'ஓப்பன் எண்ட்' மில்கள் நீண்ட காலமாக ஓடுகின்றன. ஆனால் நூற்க வேண்டுமானால் இழைக்கு ஓரளவு நீளம் வேண்டும். கிழித்தெடுத்த பழந்துணியில் இழை துண்டுதுண்டாகிவிடும். பருத்தியும் பாலியஸ்டரும் கலந்த துணி என்றால் சிக்கல் இன்னும் அதிகம்.

அந்த இடத்தில்தான் நெய்யாத துணி கைகொடுக்கிறது. துணி என்றால் நமக்குத் தறிதான் நினைவுக்கு வரும். பாவு நெடுக்கில் ஓடும், ஊடை குறுக்கில் பாயும், இரண்டும் பின்னிக்கொள்ளும். நெய்யாத துணியில் பாவும் இல்லை, ஊடையும் இல்லை, நூலே இல்லை. இழைகளை நேராக விரித்து ஒன்றோடொன்று பிணைத்துவிடுவதுதான் அது. கொரோனா காலத்தில் முகத்தில் மாட்டிய மூன்றடுக்கு முகக்கவசம் நெய்யாத துணி. கடையில் தந்த, துணிபோல் தோன்றும் பையும் அதுவே. அது முழுக்க பிளாஸ்டிக் இழை என்பதால்தான் 2019 ஜனவரி 1 முதல் தமிழகம் தடை செய்த பொருள்களில் அதுவும் இடம்பெற்றது.

கந்தலிலிருந்து இதைச் செய்யும் முறையைப் பார்ப்போம். முதலில் தரம் பிரிக்க வேண்டும். பொத்தான், ஜிப், ஹூக், ஜரிகை எல்லாம் நீக்க வேண்டும். அடுத்து, துணியை உள்ளங்கை அளவு துண்டுகளாக வெட்டுவார்கள். அந்தத் துண்டுகள், முள் பதித்த உருளைகள் வேகமாகச் சுழலும் எந்திரத்துக்குள் போகும். மெத்தைக் கடையில் பழம்பஞ்சு அடிக்கும் எந்திரத்தைப் பார்த்திருப்பீர்கள், ஏறக்குறைய அதன் பெரிய அண்ணன் இது. நெசவு பிரிந்து, நூல் பிரிந்து, கடைசியில் பஞ்சு வெளியே வரும். அந்தப் பஞ்சைச் சீப்புப்போன்ற பற்களால் வாரி, சிலந்திவலைபோல் மெல்லிய படலமாக்குவார்கள். படலத்தின் மேல் படலமாக மடித்து அடுக்குவார்கள். பிறகு வரிசை வரிசையாகப் பொருத்திய ஊசிகள் அந்த அடுக்கை மேலும் கீழுமாகக் குத்தும். இந்த ஊசிகளுக்குக் காது இல்லை, பக்கவாட்டில் நுண்ணிய வெட்டு உண்டு. ஒவ்வொரு குத்திலும் மேல் இழையைக் கொக்கிபோல இழுத்துக் கீழ் இழையோடு கோத்துவிடும். சில ஆயிரம் குத்துகளில் பஞ்சு அடுக்கு ஒரு தடித்த விரிப்பாகிவிடும். அதைக் கையால் பிய்க்க முடியாது.

இந்த விரிப்பே ஒரு சரக்கு. சத்தத்தை உறிஞ்சும், சூட்டைத் தடுக்கும். காரின் தரைவிரிப்புக்குக் கீழும் எஞ்சின் மூடியின் உட்பக்கத்திலும் இப்படிப்பட்ட கந்தல் விரிப்புகள் நெடுங்காலமாக இருக்கின்றன.

அடுத்த படி பலகை. இதை ஆங்கிலத்தில் காம்போசிட் என்பார்கள், நாம் கூட்டுப்பொருள் என்போம். பெயர்தான் புதிது, பொருள் நம் வீட்டுச் சுவர். களிமண் தனியே காய்ந்தால் வெடிக்கும். வைக்கோல் தனியே நிற்காது. இரண்டையும் மிதித்துக் குழைத்தால் மழைக்கும் நிற்கும் சுவர் கிடைக்கும். அதே கணக்குதான் இங்கும். கந்தல் இழை வைக்கோலின் வேலையைச் செய்யும். களிமண்ணின் வேலையைச் செய்ய ஒரு பிசின் அல்லது உருகும் பிளாஸ்டிக் வேண்டும். எளிய வழி, பஞ்சு வாரும்போதே பாலிபுரோப்பிலீன் இழையை அதோடு கலந்துவிடுவது. அது ஏறக்குறைய 165 பாகை செல்சியசில் உருகும். ஊசி குத்திய விரிப்பை அதற்குச் சற்று மேலான சூட்டில் இரண்டு அச்சுகளுக்கு நடுவே வைத்து அழுத்தினால், பிளாஸ்டிக் உருகி இழைகளை அணைத்துக்கொள்ளும். ஆறியதும் பலகை. 200 பாகையைத் தாண்டவிட்டால் பருத்தி கருகத் தொடங்கும், ஆகவே சூட்டைக் கட்டிப்பிடிக்கத் தெரிய வேண்டும். பாலியஸ்டர் உருக 250 பாகைக்கு மேல் வேண்டும் என்பதால் அதுவும் இந்தச் சூட்டில் இழையாகவே நிற்கும்.

அந்த அம்மா விலையில்லை என்று ஒதுக்கிய குவியல் நினைவிருக்கிறதா? இந்த முறையில் அதற்கும் விலை உண்டு. நூற்பு மில் வேண்டாம் என்று தள்ளும் குட்டை இழையும் கலப்பு இழையும் இங்கே வேலைக்கு ஆகும். இதுதான் இந்தத் தொழில்நுட்பத்தின் பெரிய பலன்.

குறையையும் சொல்லிவிட வேண்டும். பருத்தி ஈரம் குடிக்கும். மழையில் நிற்கும் இடத்துக்கு இந்தப் பலகை ஆகாது. தீ பிடிக்கும், அதற்கென்று மருந்து சேர்க்க வேண்டும். பிளாஸ்டிக்கோடு ஒட்டிய இழையைத் திரும்பப் பிரிப்பது கடினம். ஆகவே உடுத்தத் தகுந்ததை உடுத்தி, தைத்துப் பயன்படுத்தத் தகுந்ததைத் தைத்து, அதன் பிறகு மிஞ்சும் கந்தலுக்கே இந்த வழி.

கந்தலில் ஓடிய கார்

கந்தலில் கார் செய்ய முடியுமா என்று சிரிப்பவர்களுக்கு ஒரு பதில் இருக்கிறது. பழைய கிழக்கு ஜெர்மனியில் டிராபண்ட் என்ற கார் 1957 முதல் 1991 வரை தயாரானது. முப்பது லட்சத்துக்கும் மேல் விற்றது. சட்டகம் இரும்பு. கதவு, கூரை, முன்மூடியின் வெளித்தகடுகள் எல்லாம் பருத்திக் கழிவு. சோவியத் நாட்டிலிருந்து வந்த கழிவுப் பஞ்சை மெத்தைபோல அடுக்கி, நடுநடுவே பினால் பிசின் தூள் தூவி, சூடாக அழுத்திச் செய்த தகடு அது. இரும்புத் தகட்டுக்குத் தட்டுப்பாடு இருந்ததால் பஞ்சில் செய்தார்கள். துருப்பிடிக்காமல் ஓடியது. ஆனால் பினால் பிசின் ஒருமுறை இறுகினால் மறுபடி உருகாது. கார் பழசானபோது அந்தத் தகடுகளை என்ன செய்வது என்று தெரியாமல் தவித்தார்கள். உருகக்கூடிய பிளாஸ்டிக்கை இப்போது பலரும் விரும்ப அதுவும் ஒரு காரணம்.

அதற்கும் முன்னால், 1813இல் இங்கிலாந்தின் பேட்லி ஊரில் பெஞ்சமின் லா என்பவர் கம்பளிக் கந்தலைக் கிழித்துப் பஞ்சாக்கி, புதுக் கம்பளியோடு கலந்து நெய்தார். 'ஷாடி' என்று அதற்குப் பெயர். அந்தச் சொல் பிறகு ஆங்கிலத்தில் மட்டரகம் என்ற பொருளுக்கு மாறிவிட்டது. அந்த ஊரின் ஆலைகளில் கந்தலைத் தரம் பிரித்தவர்கள் பெண்கள்.

இன்றைக்கு அந்தத் தொழிலின் தலைநகரம் ஹரியானாவின் பானிபட். மேலை நாடுகள் கழித்த கோட்டும் ஸ்வெட்டரும் அங்கே போர்வையாகின்றன. மறுவிற்பனைக்குப் போகாதபடி குஜராத்தின் கண்ட்லாவிலேயே பலவற்றைக் கிழித்து அனுப்புவார்கள். பானிபட்டிலும் தரையில் உட்கார்ந்து பொத்தான் அறுத்து, நிறம் பிரிப்பவர்கள் பெண்கள். டெல்லி ரகுபீர் நகரில் விடியுமுன் கூடும் பழந்துணிச் சந்தைக்கு உயிர்கொடுப்பவர்கள் குஜராத்திலிருந்து வந்த வாக்ரி சமூகத்தினர். அவர்களும் ஊர் ஒதுக்கிய மக்களே.

இருநூறு ஆண்டுகளில் எந்திரம் மாறியது, நாடு மாறியது, சரக்கின் பெயர் மாறியது. தரையில் உட்கார்ந்து பிரிப்பவர் மட்டும் மாறவில்லை.

கைக்குத் தெரிந்த கல்வி

ஸ்வீடன் நாட்டின் மால்மோ நகரில் 2020இல் ஓர் ஆலை திறந்தார்கள். பழந்துணி ஓடும் பட்டையில் வரும். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி அதன்மேல் படும். திரும்பி வரும் ஒளியைக் கொண்டு இது பருத்தி, இது பாலியஸ்டர், இது கம்பளி என்று எந்திரம் அறிந்து, காற்றால் ஊதித் தனித்தனித் தொட்டியில் தள்ளும். 2025 ஜனவரி 1 முதல் ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் துணிக் கழிவைத் தனியாகச் சேகரித்தாக வேண்டும். ஆகவே இப்படிப்பட்ட எந்திரங்களுக்கு அங்கே பெரும் தேவை.

அந்த ஒளி செய்யும் வேலையில் பெரும்பகுதியைச் சரவணப் பொய்கைக் கரையில் ஓர் அம்மாவின் விரல் செய்கிறது. கலப்புத் துணியில் பருத்தி எத்தனை பங்கு என்று விரலால் சொல்ல முடியாது, எந்திரம் சொல்லும். ஆனால் கிழிசலில் எது தைக்கத் தகும், எது கிழிக்கத் தகும் என்று விரலும் கண்ணும் சேர்ந்து நொடியில் முடிவு செய்கின்றன. எந்திரம் செய்தால் அது உயர் தொழில்நுட்பம். நம் பெண்கள் செய்தால் கூலிக் கணக்கில் அது 'திறனற்ற வேலை'. சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமில்லை, வேலை செய்பவர்களையே பிரித்து அடுக்கும் ஏற்பாடு என்று 1936இல் அண்ணல் விளக்கினார். கந்தல் மூட்டையைப் பார்த்தால் அது புரியும்.

மாணவர்கள் வீட்டில் ஒரு சோதனை செய்து பார்க்கலாம், பெரியவர் ஒருவர் கூட இருக்கட்டும். பழந்துணியிலிருந்து நான்கைந்து நூலை உருவி, இடுக்கியால் பிடித்து விளக்குச் சுடரில் காட்டுங்கள். பருத்தி என்றால் காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து மெல்லிய சாம்பலாகும். பாலியஸ்டர் என்றால் சுருங்கி, உருகி, ஆறியதும் கறுத்த மணிபோல் இறுகும். இரண்டும் கலந்திருந்தால் சாம்பலும் இருக்கும், மணியும் இருக்கும். பிறகு அதே துணியைப் பாட்டியிடம் கொடுத்துத் தொட்டுச் சொல்லச் சொல்லுங்கள். யாருக்குப் பரிசு என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

தூசி யார் பங்கு?

இந்தத் தொழிலை வாய்நிறையப் புகழ்பவர்கள் சொல்லாமல் விடும் ஒன்று உண்டு. துணியைக் கிழித்தால் தூசி பறக்கும். பருத்தித் தூசி நாள்பட உள்ளே போனால் 'பிசினோசிஸ்' என்ற நுரையீரல் நோய் வரும். ஞாயிறு விடுமுறை கழித்துத் திங்கட்கிழமை வேலைக்கு வந்ததும் நெஞ்சை இறுக்கிப் பிடிப்பது அதன் முதல் அறிகுறி. இழப்பீடு பெறத் தகுந்த தொழில்சார் நோயாகச் சட்டம் ஏற்றுக்கொண்ட நோய் இது. ஆனால் இழப்பீடு பெற, அந்த ஆலையில் வேலை செய்ததற்குத் தாள் வேண்டும். பதிவேட்டில் பெயர் இல்லாத தினக்கூலிப் பெண்ணிடம் எந்தத் தாள் இருக்கும்?

பிசினிலும் கவனம் வேண்டும். பினால் பிசினிலிருந்து ஃபார்மால்டிஹைடு ஆவி வெளியேறலாம். மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக அதை உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் முதல் பிரிவில் சேர்த்தது. தூசியை உறிஞ்சும் குழாய், கிழிக்கும் எந்திரத்துக்கு முழு மூடி, முகக்கவசம், ஆண்டுதோறும் நுரையீரல் பரிசோதனை, பதிவேட்டில் பெயர், இ.எஸ்.ஐ. அட்டை ஆகியவை இல்லாமல் இந்தத் தொழில் எந்த ஊருக்கு வந்தாலும் நாம் வரவேற்க முடியாது. சாக்கடைக்குள் இறங்கும் வேலையை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்த பிறகும் நம் உயிர்கள் போய்க்கொண்டிருக்கின்றன. வேலைக்கு வேறு பெயர் சூட்டி அதே சாவைத் தரும் ஏற்பாடு எதுவும் நமக்கு வேண்டாம்.

எந்திரம் யாருடையது?

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் கார் ஆலைகளுக்கு நம் பிள்ளைகள் கம்பெனி பஸ் ஏறிப் போய்க் கால் நூற்றாண்டாகிறது. பெரும்பாலும் ஒப்பந்தக் கூலி. காருக்குள் போகும் பலகையையும் விரிப்பையும் நாமே செய்து விற்க முடியுமா என்று யாரும் நம்மைக் கேட்டதில்லை. நாமும் கேட்டுக்கொண்டதில்லை.

கேட்கலாம். ஆனால் முதல் நாளே பலகை அச்சு வாங்கப் போக வேண்டாம். ஊசி குத்தும் எந்திரமும் அழுத்தும் அச்சும் பெரிய முதலீடு. முதல் படி தரம் பிரிக்கும் கூடம்தான். கலந்து கிடக்கும் கந்தலுக்குக் கிடைக்கும் விலை வேறு, இழைவாரியாகவும் நிறவாரியாகவும் பிரித்து, பொத்தான் ஜிப் நீக்கிய சரக்குக்குக் கிடைக்கும் விலை வேறு. இந்த வேலைக்கு வேண்டிய அறிவு ஏற்கெனவே நம் பெண்களிடம் இருக்கிறது. ஒரு கூரை, மேசை, எடைபோடும் எந்திரம், கையுறை, முகக்கவசம், கணக்கு எழுதத் தெரிந்த ஒரு பிள்ளை இருந்தால் மகளிர் குழு ஒன்று இதைத் தொடங்கலாம். பொதட்டூர்பேட்டைத் தறிக் கழிவும் தையற்கடைத் துண்டும் திருவிழாத் துணியும் ஒரே இடத்துக்கு வந்தால் பேரம் பேசும் பலமும் வரும். இரண்டாம் படி வெட்டும் எந்திரமும் கிழிக்கும் எந்திரமும். விரிப்பும் பலகையும் அதற்குப் பிறகு.

பணத்துக்கு வழி அறவே இல்லை என்று சொல்ல முடியாது. பட்டியலின, பழங்குடித் தொழில்முனைவோருக்கென்று தமிழக அரசு 2023இல் கொண்டுவந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் மொத்த முதலீட்டில் 35 விழுக்காடு மானியம் என்கிறது, உச்சவரம்பு ஒன்றரைக் கோடி ரூபாய். கடன் வட்டியில் 6 விழுக்காடு மானியமும் உண்டு. மாவட்டத் தொழில் மையத்தில் இதற்கு விண்ணப்பிக்கலாம். தாட்கோ வழியாகச் சிறு தொழிலுக்கான மானியக் கடன்களும் இருக்கின்றன. விற்பதற்கும் ஒரு பிடி இருக்கிறது. மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் தங்கள் ஆண்டுக் கொள்முதலில் 25 விழுக்காட்டைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும். அதற்குள் 4 விழுக்காடு பட்டியலின, பழங்குடியினர் நடத்தும் நிறுவனங்களுக்கு உரியது. காகிதத்தில் இருக்கும் இந்த 4 விழுக்காட்டை வாங்கித் தீர்ப்பது நம் வேலை.

இதில் ஒரு பொறியும் உண்டு. நம் பெயரில் நிறுவனம் பதிவாகி, வேறொருவர் முதலாளியாகி, நம் பெண்கள் மறுபடி தரையில் உட்காரும் கதையைப் பல தொழில்களில் பார்த்துவிட்டோம். ஆகவே யார் கையெழுத்துப் போடுகிறார், வங்கிக் கணக்கு யாரிடம், லாபத்தில் தரம் பிரிப்பவருக்கு எத்தனை பங்கு என்ற மூன்று கேள்விகளையும் முதல் கூட்டத்திலேயே கேட்டு எழுதி வைக்க வேண்டும்.

அரசிடம் கேட்க வேண்டியதும் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே கழிவு பொறுக்குவோரின் அமைப்புகளை அங்கீகரித்து இணைத்துக்கொள்ளும்படி உள்ளாட்சிகளுக்குச் சொல்லின. திருவிழாக் காலத்தில் மலையடியிலும் குளக்கரையிலும் துணிக்கென்று தனித் தொட்டி வைத்து, அந்தச் சேகரிப்பை நம் மகளிர் குழுவுக்கு உரிமையாகத் தர வேண்டும். அதை ஏலத்தில் விடக் கூடாது.

நம் பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை. கந்தல் படிப்பு கேவலமான படிப்பில்லை. நெய்யாத துணிக்கென்று மகாராஷ்டிரத்தின் இச்சல்கரஞ்சி டி.கே.டி.இ. கல்லூரியிலும், கூட்டுப்பொருளுக்கென்று அகமதாபாத் அட்டிராவிலும், தொழில்துறைத் துணிகளுக்கென்று நம் கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியிலும் உயர் ஆய்வு மையங்கள் இருக்கின்றன. தொழில்நுட்பத் துணிகளுக்கான தேசிய இயக்கத்துக்கு 2020இல் மத்திய அரசு 1,480 கோடி ரூபாய் ஒதுக்கியது. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் துணித் தொழில்நுட்பத்துக்குத் தனித் துறையே உண்டு. திருத்தணியிலிருந்து மின்சார ரயிலில் போய்வரும் தூரம்தான். இந்தக் கூடங்களுக்குள் கந்தல் மூட்டை போய்விட்டது. மூட்டையைக் கட்டியவரின் பேத்தியும் போக வேண்டும்.

இந்த ஊர் தமிழகத்தோடு இருப்பதே ஒரு போராட்டத்தின் பலன். ம.பொ.சி. முன்னின்ற வடக்கெல்லைப் போராட்டத்துக்குப் பிறகு 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி தமிழகத்தோடு சேர்ந்தது. வரைபடத்தில் கோடு மாறியது. ஊருக்கும் காலனிக்கும் நடுவே ஓடும் கோடு அப்படியே இருக்கிறது. அதை அழிக்க நமக்கு எத்தனையோ வழிகள் தேவை, கந்தல் மூட்டையும் அதில் ஒன்றாக இருக்கட்டும்.

இந்த ஆடிக் கிருத்திகைக்குள் பெரிதாக எதுவும் நடந்துவிடாது என்பது நமக்குத் தெரியும். அந்த அம்மா மறுபடி குளக்கரையில் உட்காருவார். அவருக்கு ஒரு ஜோடி கையுறை வாங்கிக்கொண்டு போகப்போகிறோம். "இதுக்கு எதுக்கு உறை?" என்று மறுபடி கேட்பார். சாமிக்குச் சாத்தும் துணியைத் தொடும் கைக்கு இருக்கும் மரியாதை உங்கள் கைக்கும் உண்டம்மா, அதற்காகத்தான் என்று சொல்ல வேண்டும். அந்த இரண்டு குவியலையும் எங்கே, என்ன விலைக்குக் கொடுப்பது என்று உட்கார்ந்து பேச வேண்டும். இந்த முறை விலையை அவர் சொல்லட்டும்.